வாகைக்குளத்துக்கு ஏடிஆர், திருவனந்தபுரத்துக்கு 777: விமானத்தை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

நாகர்கோவிலில் இருந்து வந்திருக்கும் கேள்வி இது. தூத்துக்குடி வாகைக்குளத்துக்கு இத்தனை காலமும் முன்னால் விசிறி சுற்றும் சின்ன விமானங்கள்தான் வந்தன. திருவனந்தபுரத்தில் இருந்து துபாய்க்கு ஒரு நிறுவனம் நடுவில் ஒரே நடைபாதை உள்ள விமானத்தை விடுகிறது, இன்னொரு நிறுவனம் அதே ஊருக்குப் போயிங்கின் 777 என்ற பெரிய விமானத்தை விடுகிறது. எந்த விமானம் நல்லது என்று இவர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்? நம் குமரி மாவட்டத்தில் விமான நிலையம் வந்தால் எது வரும்?

எந்த விமானம் நல்லது என்று எந்த நிறுவனமும் கேட்பதில்லை. "இந்த வழித்தடத்தில், இந்த ஓடுபாதையில், இத்தனை பேரை ஏற்றிக்கொண்டு, அடுத்த பன்னிரண்டு வருடம் எது குறைந்த செலவில் ஓடும்" என்பதுதான் கேள்வி. திட்டமிடும் பிரிவு முதலில் போடும் பட்டியலில் விமானத்தின் பெயரே இருக்காது. எந்த ஊரில் இருந்து எந்த ஊருக்கு, ஒரு நாளில் ஒரு திசையில் எத்தனை பேர், அவர்கள் எந்த நேரத்தில் போக விரும்புவார்கள், எவ்வளவு கட்டணம் தாங்குவார்கள், சரக்கு எத்தனை டன் என்பவைதான் இருக்கும். இரண்டு திசையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் கல்ஃபில் இருந்து ஊருக்கு வரும் விமானத்தில் இடம் கிடைக்காது. அதே விமானம் திரும்பிப் போகும்போது பாதி காலியாக இருக்கலாம். கூட்டம் உள்ள திசையை மட்டும் பார்த்துப் பெரிய விமானம் வாங்கியவர் மற்ற திசையில் காலி இருக்கைக்கும் எரிபொருள் கொடுக்கிறார்.

தூத்துக்குடி–சென்னையை எடுத்துக்கொள்வோம். சுமார் 540 கிலோமீட்டர். 78 இருக்கை உள்ள விசிறி விமானமான ஏடிஆர் 72 இந்தத் தூரத்துக்குத் தோராயமாக 1,000 கிலோ எரிபொருள் எரிக்கும். 186 இருக்கை உள்ள ஏர்பஸ் ஜெட்டான ஏ320 நியோவுக்குத் தோராயமாக 2,600 கிலோ ஆகும். இருக்கைக்கு என்று வகுத்தால் 12.8 கிலோவும் 14 கிலோவும் வரும். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அன்றைக்கு ஏறியவர்கள் 70 பேர்தான் என்றால் ஏடிஆரில் தலைக்கு 14 கிலோ, ஏ320-இல் 37 கிலோ. ஒரு இருக்கைக்கு ஆகும் செலவு, ஒரு தடவை பறக்க மொத்தமாக ஆகும் செலவு என்று இரண்டு கணக்கு இருக்கிறது. கூட்டம் நிச்சயம் என்றால் முதல் கணக்கைப் பார்க்க வேண்டும், நிச்சயம் இல்லை என்றால் இரண்டாவதை. புது வழித்தடங்கள் பெரும்பாலும் இரண்டாவது வகைதான். அதனால்தான் சின்ன ஊருக்கு முதலில் சின்ன விமானம் வருகிறது. இதில் ஊரை மட்டமாக நினைப்பது எதுவும் இல்லை.

ஏடிஆருக்கு ஏன் 78 இருக்கை, 80 வைத்தால் என்ன என்று கேட்கலாம். இந்தியாவில் உள்நாட்டு அட்டவணை விமானங்களில் (குறித்த நேரப்படி தொடர்ந்து ஓடுபவை), 80-க்குக் குறைவான இருக்கைத் திறன் உள்ளவற்றுக்குத் தரையிறங்கும் கட்டணம் கிடையாது. அதோடு, உச்சப் புறப்பாட்டு எடை 40,000 கிலோவுக்குக் கீழே உள்ள அட்டவணை விமானங்களுக்கு விற்கும் எரிபொருளை மத்திய விற்பனை வரிச் சட்டம் அறிவிக்கப்பட்ட சரக்கு என்று தனியே வைத்திருக்கிறது. அதன் மேல் மாநிலம் போடும் வரிக்கு 5 விழுக்காடு என்ற உச்சவரம்பு வந்துவிடுகிறது. ஏ320 போன்ற விமானங்களுக்கு அந்த வரம்பு இல்லை. 20 விழுக்காட்டுக்கு மேல் வாட் வாங்கும் மாநிலங்களில் எரிபொருள் நிரப்பும்போது இது லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் நடுவில் நிற்கும் தொகை. ஏடிஆர் 72-இன் உச்ச எடை 23,000 கிலோதான். விசிறி விமானம் பழைய காலத்தது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு விதிகளையும் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பணியாளர் எண்ணிக்கையும் இருக்கைகளைத் தீர்மானிக்கிறது. கிட்டத்தட்ட 50 இருக்கைக்கு ஒரு கேபின் பணியாளர் என்பது கணக்கு. 78-க்கு 2 பேர், 186-க்கு 4 பேர், 200-ஐத் தாண்டினால் 5 பேர். ஐந்தாவது ஆளின் சம்பளம், தங்குமிடம், பயிற்சி எல்லாவற்றையும் கூடுதலாக வைக்கும் அந்தச் சில இருக்கைகள் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது ஓடுபாதை. பல நேரங்களில் மற்ற கணக்குகள் தொடங்கும் முன்பே இது முடிவைச் சொல்லிவிடும். வாகைக்குளத்தின் பழைய ஓடுபாதை சுமார் 1,350 மீட்டர். ஏடிஆர் 72 முழு எடையில், கடல்மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில் கிளம்பச் சுமார் 1,300 மீட்டர் வேண்டும். ஏ320-க்கு அதே நிலையில் 2,000 மீட்டர் அளவுக்கு வேண்டும். அதனால்தான் அங்கே ஜெட் வரவில்லை. இப்போது ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டுவிட்டது. 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாகிவிட்டது. இனி அங்கே எந்த விமானம் வரும் என்பதைக் கூட்டம்தான் முடிவு செய்யும்.

அந்த 15 டிகிரியைக் கவனியுங்கள். தயாரிப்பாளர் விளம்பரத்தில் வரும் எண்கள் எல்லாம் அந்த வெப்பநிலைக்கானவை. நம் பக்கம் மதியம் 33, 35 டிகிரி சாதாரணம். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்குத் தூக்கு விசை குறையும். ஏ320 நியோ வகை விமானங்களின் எஞ்சின்கள் கடல்மட்டத்தில் சுமார் 30 டிகிரி வரை முழு உந்துவிசை தரும்படி அமைக்கப்பட்டவை, அதற்கு மேல் அதுவும் குறையத் தொடங்கும். ஆகவே செயல்திறன் பொறியாளர் ஒவ்வொரு ஓடுபாதைக்கும், ஒவ்வொரு வெப்பநிலைக்கும், ஈரமான நாளுக்கும் தனித்தனியாக எடை அட்டவணை போட்டுப் பார்ப்பார். மதியம் இரண்டு மணிக்கு 8 பயணிகளை இறக்கிவிட வேண்டிவரும் விமானம், காலை ஆறு மணிக்கு முழுதாகக் கிளம்பும். சில ஊர்களுக்கு அதிகாலை நேரம் மட்டும் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குமரி மாவட்டக் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம், ஏனென்றால் இங்கே ஓடுபாதையின் நீளத்தை விட மலையும் காற்றும் பெரிய விஷயம். இரண்டு எஞ்சின் விமானம் புறப்படும்போது ஒரு எஞ்சின் நின்றுவிட்டால், சக்கரத்தை மடக்கிய பிறகு குறைந்தது 2.4 விழுக்காடு சரிவில் ஏற வேண்டும் என்பது சான்றிதழ் விதி. பத்து கிலோமீட்டர் போனால் 240 மீட்டர் உயரம். தடைகளைத் தாண்டும் கணக்கில் அதிலும் 0.8 விழுக்காட்டைப் பாதுகாப்புக்காகக் கழித்துவிட்டு, 160 மீட்டர் என்றே எடுத்துக்கொள்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற மாவட்டம் இது. மருந்துவாழ் மலை, தோவாளைக் குன்றுகள், அவற்றோடு ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் நூறு மீட்டரைத் தாண்டி நிற்கும் காற்றாலைகள். பறக்கும் பாதையில் இவற்றில் ஒன்று குறுக்கே வந்தால் அதற்கேற்ப எடையைக் குறைக்க வேண்டும், அல்லது கிளம்பியதும் கடல் பக்கம் திரும்பும் தனிப் பாதை வகுக்க வேண்டும்.

காற்று இன்னொரு பிரச்சினை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவத்தில் அடிக்கிற காற்றை நம்பித்தான் அத்தனை காற்றாலைகளையும் அங்கே நட்டிருக்கிறார்கள். ஓடுபாதைக்குக் குறுக்கே வரும் காற்றில் ஏடிஆர் 72 சோதனையில் இறங்கிக் காட்டிய அளவு மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர், ஏ320-க்குத் திடீர்க் காற்று வீச்சையும் சேர்த்துச் சுமார் 70. ஓடுபாதையின் திசையை, வருடத்தில் 95 விழுக்காடு நேரமாவது குறுக்குக் காற்று வரம்புக்குள் இருக்கும்படி வைக்க வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். ஆகவே இங்கே இடம் பார்க்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது பல வருடக் காற்றுப் பதிவை. நிலத்தின் விலை அதற்குப் பிறகு. 1,500 மீட்டர் ஓடுபாதை கிடைத்தால் ஏடிஆர் வரும். 2,500 மீட்டரும் தடையற்ற பாதையும் கிடைத்தால் ஏ320, போயிங் 737 வரலாம். ஆனால் நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் சாலையில் சுமார் 65 கிலோமீட்டர்தான், கிழக்கே வாகைக்குளமும் இருக்கிறது. விமான நிறுவனத்தார் தங்கள் பட்டியலில் குமரிக்கு என்று எழுதும் பயணி எண்ணிக்கையில் இருந்து அந்த இரண்டு ஊருக்கும் போய்விடுகிறவர்களைக் கழித்துவிடுவார்கள். கழித்த பிறகு மிஞ்சுவது 78 இருக்கை அளவுக்குத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

இனி கல்ஃப். திருவனந்தபுரம்–துபாய் சுமார் 2,950 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். ஓடுபாதை 3,400 மீட்டர் அளவுக்கு இருப்பதால் புறப்பாட்டில் சிக்கல் இல்லை. சிக்கல் பயணிகளின் பெட்டியில் இருக்கிறது. 79 டன் உச்ச எடை கொண்ட ஏ320 நியோவில், எரிபொருளைச் சேர்க்காமல் விமானமும் பாரமும் சேர்ந்து 64.3 டன்னைத் தாண்டக் கூடாது. இறக்கை உடலோடு சேரும் இடம் தாங்கும் வளைவு விசையை வைத்து வந்த வரம்பு இது. இருக்கை, பணியாளர், உணவு எல்லாம் சேர்ந்த வெற்று எடை 44.5 டன் என்று வைத்துக்கொள்வோம். பயணி கைப்பையோடு 80 கிலோ, பெட்டி 30 கிலோ. 186 பேர் நிறைந்தால் 20,460 கிலோ. கூட்டினால் 64.96 டன். வரம்பைத் தாண்டி 660 கிலோ, அதாவது 22 பேரின் பெட்டிகள். இதே விமானத்தில் 180 இருக்கை என்றால் 19,800 கிலோ, கூட்டுத்தொகை சரியாக 64.3. குழந்தைகள் இருப்பார்கள், எல்லோரும் 30 கிலோ கொண்டுவர மாட்டார்கள் என்பதால் நடைமுறையில் 186-உம் ஓடும். ஆனால் ஊருக்கு வரும் விடுமுறைக் காலத்தில் பெட்டிகள் அடுத்த விமானத்தில் வருவதற்குப் பின்னால் பல நேரம் இந்தக் கணக்குத்தான் இருக்கிறது. உள்நாட்டு வழித்தடத்தில் 15 கிலோப் பெட்டிக்குச் சரியாக இருந்த இருக்கை அமைப்பை அப்படியே கல்ஃபுக்கு அனுப்பினால் இதுதான் நடக்கும்.

இறங்கும்போது இன்னொரு வரம்பு வரும். அதே விமானத்தின் உச்ச இறங்கும் எடை 67.4 டன். முழுப் பாரத்தோடு வந்தால், தரை தொடும்போது தொட்டியில் 3.1 டன்னுக்கு மேல் எரிபொருள் இருக்கக் கூடாது. சாதாரண நாளில் அது போதும். ஜூன், ஜூலையில் திருவனந்தபுரத்தில் மழை கொட்டி, வட்டமடிக்கவும் கொச்சிக்கோ வேறு ஊருக்கோ திரும்பவும் கூடுதல் எரிபொருள் வேண்டும் என்று கேப்டன் கேட்டால், அந்தக் கூடுதலுக்குச் சமமாகப் பாரத்தைக் குறைத்தாக வேண்டும். வருடம் முழுவதற்குமான சராசரி எண்ணை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் பருவமழையில் மாட்டிக்கொள்கிற இடம் இது.

இந்த ஏ320-இன் வயிற்றில், அதாவது சரக்கு அறையில், தோவாளைச் சந்தைப் பூவுக்கு எடை மிச்சமில்லை என்பதையும் பாருங்கள். பூ எடை குறைந்தது, ஆனால் இடம் பிடிக்கும். இப்படி எடை குறைந்து இடம் பிடிக்கும் சரக்குக்கு, ஒரு கனமீட்டரைச் சுமார் 167 கிலோ என்று வைத்துத்தான் விமானத்தில் கட்டணம் போடுவார்கள். ஏ320-இன் சரக்கு அறை மொத்தம் 37 கனமீட்டர், அதையும் பயணிகளின் பெட்டிகளே நிறைத்துவிடும். 777-300 இஆர் விமானத்தின் வயிறு 200 கனமீட்டர். பெட்டிகள் போகவும் டன் கணக்கில் பூவும் மீனும் காய்கறியும் ஏற்றலாம். அதனால் நான்கு மணி நேரப் பயணத்துக்கு 351 டன் விமானம் என்பது வீண் மாதிரித் தெரிந்தாலும் எமிரேட்ஸுக்கு அது வீண் இல்லை. அவர்களிடம் சிறிய விமானமே கிடையாது. துபாயில் இறங்குகிறவர்களில் பலர் அங்கிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் மாறிப் போகிறவர்கள். சரக்கு வருமானமும் தனியாக வருகிறது. துபாயை மட்டுமே நம்பி ஓடும் ஒரு மலிவுக் கட்டண நிறுவனம் அதே 777-ஐ வாங்கினால் தாங்காது.

தேவைக்கு மேல் தூரம் போகும் திறனை வாங்குவதும் நஷ்டம். ஏர் இந்தியா தன் பெரிய கொள்முதலில் 777-200 எல்ஆர் விமானங்களை வாங்கியது. 17,000 கிலோமீட்டர் போகக்கூடியவை. அந்தத் தூரத்துக்கான தொட்டியையும் கனமான உடலையும், அந்தத் தூரம் தேவைப்படாத பயணங்களிலும் சுமந்தாக வேண்டும். இருக்கை குறைவு, எரிபொருள் அதிகம். கடைசியில் ஐந்தை அபுதாபியின் எதிஹாட் நிறுவனத்துக்கு விற்றார்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். புதியதா பழையதா என்பதை ஒரு சிறு கணக்கில் காட்டலாம். எண்கள் விளக்கத்துக்கானவை. புது ஏ320 நியோவின் மாத வாடகை 4 லட்சம் டாலர், பழைய ஏ320-க்கு 2 லட்சம். மணிக்கு எரிபொருள் 2,200 கிலோ, 2,600 கிலோ. நாளுக்கு 12.5 மணி நேரம் பறந்தால் மாதம் 375 மணி. வாடகை வித்தியாசம் மணிக்கு 533 டாலர். எரிபொருள் மிச்சம் மணிக்கு 400 கிலோ. எரிபொருள் கிலோ 1.33 டாலருக்கு மேல் போனால் புதியது லாபம், கீழே இருந்தால் பழையது லாபம். இதே விமானம் நாளுக்கு 9 மணி நேரம்தான் பறக்கிறது என்றால் வாடகை வித்தியாசம் மணிக்கு 741 டாலர் ஆகிவிடும், 1.85 டாலர் வரை பழையதே லாபம். அதிகம் பறக்கும் நிறுவனங்கள் புதிதாகவும், குறைவாகப் பறப்பவை பழையதாகவும் வைத்திருப்பது இதனால்தான். உண்மையான மதிப்பீட்டில் பராமரிப்பு, பணியாளர், விமான நிலையக் கட்டணம், கடைசியில் விற்கும் விலை எல்லாம் சேர்த்து 12 முதல் 15 வருடப் பணப்புழக்கத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவார்கள். எரிபொருள் விலை, டாலர்–ரூபாய், கூட்டம் ஆகிய மூன்றையும் மேலும் கீழும் மாற்றிப் பார்ப்பார்கள். வாடகையும் உதிரிபாகமும் டாலரில் போக, டிக்கெட் ரூபாயில் வருவதால் இந்திய நிறுவனங்களை முதலில் வீழ்த்துவது டாலர்தான்.

எஞ்சினைத் தனியாகப் பேச வேண்டும். ஏ320 நியோவுக்கு இரண்டு எஞ்சின்கள் உண்டு: பிராட் அண்ட் விட்னியின் ஜிடிஎஃப், சிஎஃப்எம்-இன் லீப். விமானத்தை முடிவு செய்த பிறகு எஞ்சினுக்குத் தனிப் பேரம், தனி ஒப்பந்தம். ஜிடிஎஃப் எரிபொருள் கணக்கில் நன்றாக இருந்தது. ஆனால் பாகங்கள் சீக்கிரம் தேய்ந்தன. 2019 நவம்பரில் இண்டிகோவின் 97 விமானங்களில் மாற்றியமைத்த எஞ்சின்களைப் போடும்படி விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ கெடு விதித்தது. அதற்குச் சில மாதம் முன்பே இண்டிகோ அடுத்த 280 விமானங்களுக்கு லீப் எடுத்துவிட்டது. 2023 ஜூலையில் ஜிடிஎஃப் பாகங்கள் செய்த உலோகத் தூளில் மாசு கலந்த செய்தி வெளிவந்த பிறகு உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான விமானங்கள் தரையில் நின்றன. அதற்கு முன்பே, 2023 மே மாதம், கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் எஞ்சின் கிடைக்காததைக் காரணம் சொல்லித் திவால் மனு போட்டிருந்தது. லீப் எஞ்சினையும், வெப்பமும் தூசியும் உள்ள ஊர்களில் எதிர்பார்த்ததை விடச் சீக்கிரம் இறக்கிப் பழுது பார்க்க வேண்டியதாயிற்று, அதற்காகவே உயர் அழுத்த டர்பைனுக்குப் புதிய பாகங்களைக் கொண்டுவந்தார்கள். பாலைவனத் தூசியும் கடற்கரை உப்பும் சேர்ந்த கல்ஃப் வழித்தடத்துக்கு எஞ்சின் எடுக்கிறவர், எரிபொருள் விழுக்காட்டை விட இறக்கையில் இருந்து கழற்றாமல் எத்தனை மணி நேரம் தாங்கும், உதிரி எஞ்சின் எத்தனை நாளில் வரும் என்பதைத்தான் அழுத்திக் கேட்க வேண்டும். இரண்டு விழுக்காடு எரிபொருள் மிச்சத்தை, மூன்று மாதம் தரையில் நிற்கும் ஒரே விமானம் தின்றுவிடும்.

எத்தனை வகை விமானம் வைத்திருப்பது என்பதிலும் பலர் சறுக்கியிருக்கிறார்கள். ஒரு விமானத்துக்கு ஐந்து ஆறு ஜோடி விமானிகள் வேண்டும். ஏ320 விமானி அதன் நீளமான வடிவமான ஏ321 ஓட்டலாம், 737 ஓட்ட முடியாது. இன்னொரு வகை சேர்ந்தால் தனிப் பயிற்சி, தனிக் காத்திருப்புப் பணியாளர், தனி உதிரிபாகக் கிடங்கு, தனி உதிரி எஞ்சின். ஐந்து விமானத்துக்கு இது தாங்காது, ஐம்பதுக்குத் தாங்கும். இண்டிகோ 2006-இல் தொடங்கி 2017 வரை ஏ320 குடும்பத்தைத் தவிர எதையும் தொடவில்லை. கூட்டம் பெருகிய பிறகே ஏடிஆர் எடுத்தது. 2005-இல் விமானமே பறக்காத நிலையில் 100 விமானங்களை ஒரே வகையாகக் கேட்டதால்தான் அதன் பேரம் பேசும் பலமும் வந்தது.

பேரத்தில் பட்டியல் விலைக்குப் பெரிய அர்த்தம் இல்லை. 2018-இல் ஏ320 நியோவின் பட்டியல் விலை 11.06 கோடி டாலர். அதற்குப் பிறகு ஏர்பஸ் பட்டியல் விலை வெளியிடுவதையே நிறுத்திவிட்டது. மொத்தமாக வாங்குகிறவர் அதில் பாதி அளவுக்கே கொடுக்கிறார் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரியும். விலையை விட முக்கியமானவை வேறு: விலை வருடா வருடம் எந்தச் சூத்திரப்படி ஏறும், முன்பணம் எப்போது, ஒப்படைப்பு தாமதமானால் என்ன கிடைக்கும், சொன்ன எரிபொருள் அளவு வராவிட்டால் யார் ஈடு செய்வது, ஏ320-ஐ ஏ321 ஆக மாற்றிக்கொள்ளும் உரிமை உண்டா. தயாரிப்பாளர் தரும் வழித்தடக் கணக்கைத் தன் பொறியாளர்களைக் கொண்டு மறுபடி போடாத நிறுவனம் ஏமாறும். அவர்கள் கணக்கில் வெற்று எடை குறைவாகவும், வட்டமடிக்கும் எரிபொருள் குறைவாகவும், பயணியின் எடை அவர்களுக்குச் சாதகமாகவும் இருக்கும். எதிர்காற்றில் வருடத்தின் 85 விழுக்காடு நாட்களுக்குப் பொருந்தும் அளவை எடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

ஏ320 குடும்பத்துக்கு இன்று ஆர்டர் கொடுத்தால் விமானம் கைக்கு வரப் பல வருடம் ஆகும். ஆகவே சிறிய நிறுவனங்கள் குத்தகைக்குத்தான் போகின்றன. குத்தகையில் விமானத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையைப் படிக்க வேண்டும். எந்தப் பெரிய பரிசோதனையை முடித்துக் கொடுக்க வேண்டும், எஞ்சினில் எத்தனை புறப்பாட்டுச் சுற்று மிச்சம் இருக்க வேண்டும், மாதாமாதம் கட்டும் பராமரிப்பு வைப்புத்தொகையில் எது திரும்ப வரும் என்று. எஞ்சினுக்குள் சுழலும் தகடுகளுக்குத் தொழிற்சாலையில் இருந்து வந்த நாள் முதலான தொடர் பதிவு இருக்கிறதா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே பார்த்துவிட வேண்டும். நடுவில் ஒரு நிறுவனத்தின் தாள் காணாமல் போயிருந்தால், நன்றாக இருக்கும் தகட்டையும் கழற்றிப் போட வேண்டியிருக்கும், அந்தச் செலவு கடைசியாக ஓட்டியவர் தலையில் விழும்.